எரர் எங்கே பிறந்தது என்று கேட்கும் கடை

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அதைச் சுற்றி மனு எழுதிக் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று அவர்கள் கையில் பேனா நிற்காது. நான் சொல்லப்போகும் கடை அந்தக் கூட்டத்திலிருந்து சற்று விலகி, ஒரு சந்துக்குள் இருக்கிறது. பலகையில் கடைக்குப் பெயர் எழுதவில்லை. ‘டைப்பிங், ஜெராக்ஸ், மனு, பிழை திருத்தம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. முதல் மூன்றுக்கும் ஊரெல்லாம் கடை உண்டு. நான்காவதற்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா பெயரில் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. அம்மா காலமான பிறகு பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற முனைந்தபோது, கணினிப் பட்டாவில் ‘சங்கரலிங்கம் மகள் காந்திமதி’ என்று இருந்தது. சங்கரலிங்கம் என் அப்பா. அம்மா அவருடைய மனைவி. அந்த ஒரு சொல்லால் அம்மா அரசாங்கக் காகிதத்தில் எனக்கு அக்காவாகிவிட்டார். வாரிசுச் சான்றிதழில் நான் காந்திமதியின் மகள். பட்டாவின்படி பார்த்தால் தங்கை. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றது.

விண்ணப்பம் திரும்பியதற்குப் பட்டா மட்டும் காரணமில்லை. நாங்கள் முதலில் நம்பிப்போன ஒரு கணினி மையம் அதைப் ‘பெயர் மாற்றம்’ என்ற தலைப்பில் அனுப்பியிருந்தது. அம்மாவின் பெயர் காந்திமதிதான். அதில் மாற்ற ஒன்றுமில்லை. உறவுமுறைதான் தவறு. அங்கே இருந்த பையனுக்கு எல்லாமே எரர். பெயரில் எழுத்து விட்டுப்போனாலும் எரர், ஆள் மாறிப்போனாலும் எரர், இன்டர்நெட் வராவிட்டாலும் எரர். எல்லா எரருக்கும் அவனிடம் ஒரே படிவம்தான் இருந்தது.

சந்துக் கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிக்கிறார். நான் கட்டு முழுவதையும் அவர் முன் வைத்துக் கதையைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“டீச்சர், கதை பிறகு. இந்த எரர் எங்கே பிறந்தது?”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கணினிப் பட்டா என்பது நகல். அதற்கு முன்னால் கிராமத்து நிலங்களின் விவரத்தைக் கையால் எழுதிய அ-பதிவேடு ஒன்று உண்டு. அதற்கும் முன்னால் கிரயப் பத்திரம். ‘மகள்’ என்ற சொல் இந்த மூன்றில் எதில் முதலில் நுழைந்தது என்று தெரியாமல் மனு எழுதினால், மனு தவறான மேஜைக்குப் போகும். பத்திரத்திலேயே தவறு என்றால் பதிவு அலுவலகத்து வேலை. பதிவேட்டில் தவறு, பத்திரத்தில் சரி என்றால் வருவாய்த் துறைக்குள் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கும். பதிவேடும் சரி, கணினியில் ஏற்றும்போது மட்டும் தவறு என்றால் அது வெறும் எழுத்துப் பிழை. வட்டாட்சியர் அளவிலேயே முடிய வாய்ப்பு உண்டு.

“அ-பதிவேட்டு நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்க்காமல் நான் ஒரு வரிகூட அடிக்க மாட்டேன்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

நகலை வாங்கிப் பார்த்தால், எண்பதுகளில் யாரோ ஒருவர் முத்து முத்தாக ‘மனைவி’ என்று எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நிலத் தகராறு எதை எடுத்தாலும் ‘யு.டி.ஆர். பிழை’ என்று ஒரு பேச்சு வரும். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் தமிழ்நாடு முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது புகுந்த தவறுகளுக்கு அதுதான் பெயர். பக்கத்து வயல்காரன் பெயர் நம் வயலில் ஏறியிருக்கும், உட்பிரிவு எண்கள் இடம் மாறியிருக்கும். அந்தக் காலத்து எழுத்தர்களை நாற்பது வருடமாக ஊரே திட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்த மனிதர் சரியாகத்தான் எழுதியிருந்தார். பின்னால் கணினியில் ஏற்றியவர்தான் கோட்டைவிட்டிருக்கிறார்.

அண்ணாச்சிக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது. இளம் வயதில் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து அடுக்கும் கம்பாசிடராக இருந்தவர். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து, அவற்றை அதனதன் அறையில் திருப்பிப் போட வேண்டும். அப்போது ‘ள’ அறைக்குள் ஒரு ‘ல’ விழுந்துவிட்டால், மறுநாள் அடுக்குபவனுடைய கை சரியான அறைக்குப் போனாலும் அச்சில் தவறுதான் வரும். திட்டு வாங்குபவன் இன்றைக்கு அடுக்கியவன். தவறு செய்தவன் நேற்றுக் கலைத்துப் போட்டவன். “அந்த எழுத்தை மட்டும் பிடுங்கி மாற்றினால் போதாது. அறையைக் கொட்டிப் பார்க்க வேண்டும்” என்றார்.

அச்சகப் பழக்கம் இன்னொன்றையும் அவர் விடவில்லை. மனுவை அச்செடுத்ததும், அவருடைய மனைவி மூலக் காகிதத்தைச் சத்தமாகப் படிக்கிறார். இவர் அச்சில் விரல் வைத்துப் பார்க்கிறார். புல எண்களை, அதாவது நிலத்தின் சர்வே எண்களை, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறார்கள். பெயர்களைப் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார்கள். முன்னாலிருந்து படித்தால் இருக்க வேண்டியதைக் கண் தானாகவே படித்துவிடுமாம். நான்கு வரி மனுவுக்கு இத்தனை சடங்கா என்று எனக்குப் பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். எனக்கு அந்தச் சடங்கைப் பார்ப்பதிலேயே பாதி நிம்மதி வந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் பார்த்தவற்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கடையின் உண்மையான தரம் அவற்றில்தான் தெரிகிறது.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பத்திரத்தில் 62 சென்ட். பட்டாவில் 25 என்று போட்டிருக்கிறது. 37 சென்ட்டை யாரோ விழுங்கிவிட்டார்கள் என்று ஆட்சியருக்கு மனு எழுத வேண்டும் என்றார். குரல் நடுங்கியது. அண்ணாச்சி பட்டாவை வாங்கிப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிவைத்தார். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். 62 சென்ட்டை ஏராக மாற்றினால் 25.09 வரும். பட்டாவில் 0.25.00 என்று இருக்கிறது. குறைவது கால் சென்ட்டுக்கும் உள்ளேதான். “பெரியவரே, உங்கள் நிலம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்” என்று அனுப்பிவைத்தார். வேறு இடமாக இருந்தால் அந்தப் பெரியவரிடம் மனுவுக்கும் இணைப்புகளுக்கும் பதிவுத் தபாலுக்கும் சேர்த்துக் கறந்திருப்பார்கள்.

இன்னொருவன் வெளிநாட்டு வேலைக்குப் போக இருந்த இளைஞன். பிறப்புச் சான்றிதழில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்று இருக்கிறதாம். அப்படி ஒரு மாவட்டமே பட்டியலில் இல்லை, பிழையைத் திருத்திக்கொண்டு வா என்று சென்னையில் ஒரு முகவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது என்றால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. இவன் முப்பதைத் தொட்டவன். அவன் பிறந்தபோது இந்த மாவட்டத்துக்கு அதுதான் பெயர். 1986இல் தூத்துக்குடிப் பகுதி சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்து போனது. 1997இல் தலைவர்களின் பெயர்களை எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். 2019இல் தென்காசியும் தனி மாவட்டமானது. ஆக, எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்குச் சான்றிதழில் வேறு வேறு மாவட்டம் இருக்கலாம், எல்லாமே சரி. அண்ணாச்சி அந்தச் சான்றிதழைத் திருத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சரியாக இருப்பதைத் திருத்தப் போனால்தான் புதிய பிழை பிறக்கும் என்பது அவர் கட்சி. மாவட்டப் பெயர் எப்போது எப்படி மாறியது என்று முகவருக்கு ஒரு விளக்கக் கடிதம் மட்டும் அடித்துக் கொடுத்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். எரர் என்ற சொல் எங்களுக்குத் தினசரிச் சாப்பாடு. திருகு அளவியின் முனைகள் ஒட்டியிருக்கும்போது சுழியில் நிற்காவிட்டால் அது சுழிப் பிழை. நேர்ப் பிழை என்றால் அளவிலிருந்து கழிக்க வேண்டும். எதிர்ப் பிழை என்றால் கூட்ட வேண்டும். கருவியில் பிழை இருக்கிறது என்பதற்காக அதைத் தூக்கி எறிவதில்லை. எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் போதும். ஒரு மாணவி 2.35 மில்லிமீட்டரை 3.25 என்று எழுதினால் அதற்கு எரர் என்ற மரியாதையை நாங்கள் கொடுப்பதில்லை. அது மிஸ்டேக், கவனக்குறைவு. அளவீட்டைப் பத்து முறை எடுத்துச் சராசரி பார்த்தால் கை நடுக்கத்தால் வரும் பிழை குறையும். சுழிப் பிழை பத்து முறையும் அப்படியே நிற்கும். ‘மகள் காந்திமதி’யும் அந்த ஜாதிதான். கணினியிலிருந்து எத்தனை நகல் எடுத்தாலும் அம்மா எனக்கு அக்காதான்.

வக்கீல்கள் இந்த இரண்டு சொற்களையும் விடுவதாக இல்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்பதற்கான 47ஆவது ஆணையில், ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற ‘மிஸ்டேக் அல்லது எரர்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தின் 152ஆவது பிரிவு, தீர்ப்பில் புகுந்த எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது. அண்ணாச்சிக்கு இந்த எண்கள் மனப்பாடம். என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். சட்டம் படித்தவர் கிடையாது. காதால் கேட்டுக் கற்றவர். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு ஒரு வக்கீல் குமாஸ்தா சிரித்தார். சிரித்தவர்தான் பிறகு தன் கட்சிக்காரரின் மனுவைச் சரிபார்க்க இவரிடமே நீட்டினார்.

கடையில் நான் வியந்தது, பிழை வேடம் போட்டு வரும் சண்டையை அவர் கண்டுபிடித்துவிடுவதை. ஓர் அம்மாள் கிரயப் பத்திரத்தில் புல எண் தவறாக விழுந்துவிட்டது, பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும் என்று வந்தார். அண்ணாச்சி நான்கெல்லையைப் படித்தார். எல்லைகளும் அந்தத் ‘தவறான’ எண்ணுக்கே பொருந்தின. விற்றவர் வந்து கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டார். பிழைதிருத்தல் பத்திரம் என்றால் எழுதிக் கொடுத்தவரும் வர வேண்டும். அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அவர் வர மாட்டார், வேறு நிலத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டார் என்று அழுதார். “அம்மா, எண் மாறியது எரர் என்றால் நான் எழுதிக் கொடுப்பேன். நிலத்தையே மாற்றிக் காட்டியிருக்கிறார் என்கிறீர்களே, அது வக்கீலிடம் போக வேண்டிய விஷயம்” என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். எந்த வக்கீல் என்று அவர் கேட்டதற்குப் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். கமிஷன் வாங்கும் ஆள் என்ற பேச்சு வரக் கூடாதாம்.

ஆங்கிலத்தில் பெயர் எழுதுவது அங்கே தனி உலகம். எங்கள் ஊரில் நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயரான காந்திமதி தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பாதிப் பேர் ‘ஜி’யிலும் பாதிப் பேர் ‘கே’யிலும் தொடங்குகிறார்கள், கடைசி எழுத்து சிலருக்கு ‘ஐ’, சிலருக்கு ‘ஒய்’. ஒருத்திக்கே பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று. இதில் எது பிழை? எதுவும் இல்லை; எல்லாம் சேர்ந்தால் பிழை. அண்ணாச்சியின் யோசனை: எதை மாற்றுவது கடினமோ அதை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றை அதற்கு இணங்க வைக்க வேண்டும். பெரும்பாலும் அது பத்தாம் வகுப்புச் சான்றிதழாக இருக்கும். ஆதாரில் கைவைக்கும் முன் நூறு முறை யோசிக்கச் சொல்கிறார். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். பிறந்த தேதியை ஒரே முறை. அவசரப்பட்டு ஒரு வாய்ப்பைத் தீர்த்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறையப் பேராம்.

இணைய வேலைகளை அவருடைய மருமகன் பார்க்கிறார். திரையில் ‘எரர்’ என்று வந்தால் முதலில் எண்ணைப் பார்க்கிறார். 4இல் தொடங்கினால் கேட்ட பக்கத்தில் கோளாறு: முகவரி தவறு, அனுமதி இல்லை, இப்படி. 5இல் தொடங்கினால் சர்வர் பக்கத்துக் கோளாறு. நாம் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. 5 வந்தால் வரிசையில் நிற்பவர்களை அங்கேயே காத்திருக்க விடாமல், போன் எண்ணை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். ‘சர்வர் எரர்’ என்ற இரண்டு சொற்களில் ஒரு பகல் முழுவதையும் தொலைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனிக் குறைகள். முதலாவது பெரிது. அந்த மருமகனுடைய கணினித் திரையில் யார் யாருடைய ஆதாரோ, பத்திரமோ, பான் அட்டையோ வரிசையாகக் கிடக்கின்றன. எனக்கு முன்னால் வந்தவருடைய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. நான் என் கோப்புகளை அழிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் அழித்தார், குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கினார். கேட்காமலே அதைச் செய்ய வேண்டும். பிழை பார்ப்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் கடை இதில் மட்டும் அசட்டையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சியிடமும் சொன்னேன். தலையாட்டினார். மாறியதா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

உட்கார இரண்டு ஸ்டூல்தான். வயதானவர்கள் வந்தால் நாம் எழுந்துகொள்ள வேண்டும், எழுந்துகொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் மங்கலாக விழுகிறது. முக்கியமான நகல்களை முன்பே வேறு எங்காவது எடுத்துக்கொண்டு போவது நல்லது. ரசீது கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். பேச்சும் கொஞ்சம் நீளம். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் அவருக்குத் திட்டமான கொள்கை உண்டு. நாம் எழுதிக்கொண்டு போன குறிப்பில் ‘பட்டா பெயர்’ என்று இருந்தால் முதலில் அதற்கு ஒரு ‘ப்’ போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். ஆட்சியர் அலுவலகத்தில் அந்த ஒற்றை யாரும் பார்க்கப் போவதில்லை என்றேன். “அவர்கள் பார்க்காவிட்டால் என்ன? நான் பார்த்துவிட்டேனே” என்றார்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தமிழ் மனுவுக்கு 150 ரூபாய், ஆங்கிலத்துக்கு 250. இணைப்புகளைப் பார்த்துப் பிழை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குத் தனிக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் அதற்குத்தான் பணம் வாங்க வேண்டும். மனு அடிப்பதை யாரும் செய்துவிடலாம். போன் மூலம் பணம் அனுப்பலாம். ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது’ என்ற பேச்சே அங்கு கிடையாது. அப்படிக் கேட்டால் கட்டை மடித்து உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

எங்கள் பட்டாவில் இப்போது ‘சங்கரலிங்கம் மனைவி காந்திமதி’ என்று சரியாக இருக்கிறது. அதன் பிறகு வாரிசுகள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுத்தோம். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதற்குக் கடையைக் குறை சொல்ல மாட்டேன்.

போவதாக இருந்தால் செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பதினொரு மணிக்கு முன்னால் போங்கள். மூலப்பத்திரம், இப்போதைய பட்டா, அ-பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று என்று இருப்பதையெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். மூலங்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கும் தூரம்தான். சந்துக்குள் கார் போகாது.